மோட்டார் வண்டியின் பெல்ற்: பார்த்தலும் மாற்றலும்

(மன்றத்தின் ஆண்டு விழாவையொட்டிக் குருநகரில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



இக்கூட்டத்தில் பேசவேண்டுமென்று கேட்ட மன்றச் செயலாளர், எடுத்துக்கொள்ளும் பொருள் யாதென வினவினார். "பெல்ற்" என்றோம். "இடுப்பிற் கட்டுவதோ?" என்று நகைத்தார். இடுப்பிற் கட்டுவது அறுந்தால் கட்டியவனுக்கு மட்டுமே வெட்கம். நாம் சொல்லவந்த பெல்ற் அறுந்தால் வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் தெருவில் நிற்கவேண்டும். ஆதலால் இதுவும் அவையிற் பேசத்தக்க பொருளே என்று துணிந்து வந்திருக்கிறோம். சொல்லிற் குற்றமிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று நம்மவர் வீடுகளில் வாகனங்களைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, ரயரின் கீழே தேசிக்காய் வைத்து நசிக்கிறோம். நல்ல வழக்கம். நமக்கு உழைக்கும் கருவிக்கு நன்றி சொல்லுதல் தமிழர் பண்பு. ஆனால் ஒன்றைக் கேட்க விரும்புகிறோம். பொனற்றின் மேலே பொட்டிடும் நம்மில் எத்தனை பேர் அன்றைக்கு அந்தப் பொனற்றைத் திறந்து பார்க்கிறோம்? எமது வீட்டாரும் பல ஆண்டுகள் திறந்து பார்க்கவில்லை. அதனால் நேர்ந்ததை முதலிற் சொல்லுகிறோம். பிறரைக் குறைகூற அன்று. எம்மையே குறைகூறிக்கொள்ளும் பொருட்டு.

எமக்கு நேர்ந்தது

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமது பெரியம்மாவைக் கொழும்பிலுள்ள மருத்துவமனையொன்றிற் காட்டுவதற்கு நாள் கிடைத்தது. மறுநாட் காலை எட்டு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். பெரியப்பாவின் வானில் வீட்டார் எழுவர் மாலை ஏழு மணிக்குக் குருநகரிலிருந்து புறப்பட்டோம். அதற்கு முந்திய கிழமை வானை எண்ணெய் மாற்றக் கொண்டுபோனபோது, "ஐயா, பெல்ற் வெடிச்சுப்போய்க் கிடக்கு, மாத்திப்போட்டுப் போங்கோ" என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். "போய்வந்து பாப்பம் தம்பி" என்பதே பெரியப்பாவின் விடை. நாமும் பக்கத்தில் நின்று கேட்டோம்; ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படும்போதே "கிரீச்" என்றொரு சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் அடங்கிவிட்டது. முறிகண்டியில் எல்லா வாகனங்களையும்போல நாமும் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறினோம். மாங்குளம் கடந்து போகையில் சாரதியின் முன்னே பற்றறி வடிவமுள்ள சிவப்பு விளக்கு எரிந்தது. "பற்றறி புதிசு, ஒண்டும் செய்யாது" என்றார் பெரியப்பா. ஓடினோம். ஏழெட்டு மைல் சென்றபின் முன்விளக்கின் ஒளி மங்கியது. வெப்பங்காட்டும் முள் மேலே ஏறி நின்றதை அப்போதுதான் கண்டோம். அடுத்த கணம் எஞ்சினிலிருந்து ஆவி புகைந்தது.

இருபுறமும் காடு, தெருவிலே விளக்கில்லை. பெரியம்மா பாயை விரித்துத் தெருவோரத்தில் இருந்தார். மருத்துவக் கடிதங்கள் வைத்த உறையை மடியில் அணைத்துப் பிடித்திருந்தார். ஒருவரையும் ஏசவில்லை. அது எமக்கு ஏச்சைவிடச் சுட்டது. வழியே வந்த லொறியொன்றின் சாரதி இறங்கி, ரோச் அடித்துப் பார்த்து, நாராய்க் கிழிந்த பெல்ற்றை எடுத்துக் காட்டினார். "சிவப்பு லைற் பத்தினவுடனை நிப்பாட்டியிருந்தால் பெல்ற்றோடை போயிருக்கும். இப்ப எஞ்சினும் போட்டுது" என்றார்.

மருத்துவமனைக்கு உரிய நாள் தவறியது. வேறு நாள் கிடைக்கும்வரை வீட்டிலிருந்த எல்லோரும் பட்ட கலக்கம் சொல்லுந்தரமன்று. பெரியம்மா இன்றும் நம்மோடு இருக்கிறார். அஃது இறைவன் செயல். ஆனால் அன்றிரவு அந்த வானில் இருந்த எழுவரும் படித்தவர்கள். பல்கலைக்கழகத்திற் பௌதிகம் படிக்கும் நாமும் அவருள் ஒருவர். அந்தச் சிவப்பு விளக்கு என்ன சொல்லுகிறதென்று எம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று தொட்டே இதனைக் கற்கத் தொடங்கினோம்.

பெல்ற் செய்யும் வேலை

எஞ்சின் ஓடும்போது அதன் முதன்மைத் தண்டு சுழலுகிறது. அத்தண்டின் நுனியில் ஒரு கப்பி உண்டு. கிணற்றுக் கப்பியை அறியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை, அதுபோன்றதே இதுவும். இக்கப்பியின் சுழற்சியை மற்றக் கப்பிகளுக்குக் கொண்டுசெல்வது பெல்ற். ஒரு கப்பி தண்ணீர்ப் பம்பைச் சுழற்றும். அது எஞ்சினுக்கும் றேடியேற்றருக்கும் இடையே தண்ணீரை ஓட்டி வெப்பத்தைத் தணிக்கும். மற்றொன்று மின்சாரம் பிறப்பிக்கும் ஓல்ரனேற்றரைச் சுழற்றும். பழைய வண்டிகளில் அதன் இடத்தில் டைனமோ இருந்தது. பல வண்டிகளில் ஏசியும், ஸ்ரியறிங்கை இலகுவாக்கும் பம்பும் இதே பெல்ற்றால் அல்லது பக்கத்திலுள்ள இன்னொரு பெல்ற்றால் ஓடுகின்றன.

இனிச் சிவப்பு விளக்கின் பொருள் விளங்கும். பற்றறி வடிவ விளக்கு எரிந்தால் பற்றறி பழுது என்பதன்று; பற்றறிக்கு மின்சாரம் வந்துசேரவில்லை என்பதே அது கூறுவது. ஓல்ரனேற்றர் நின்றதற்குப் பெல்ற் அறுந்தது காரணமாயின், தண்ணீர்ப் பம்பும் அதே நேரத்தில் நின்றிருக்கும். அதன்பின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எஞ்சின் வேகிறது. வெப்பமானி முள்ளை மட்டும் நம்பியிருத்தலும் ஆகாது. தண்ணீர் வற்றிய இடத்தில் அந்த முள் பொய்யும் சொல்லும். ஆதலால் விளக்கு எரிந்தவுடன் ஓரமாய் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பெல்ற் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ரைமிங் பெல்ற் என்பது வேறு. அஃது எஞ்சினின் மூடிக்குப் பின்னே மறைந்திருந்து வால்வுகளைத் தக்க நேரத்தில் திறந்து மூடச் செய்வது. சில எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பையும் அதுவே ஓட்டும். அதனை மாற்றுதல் தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. அடுத்து, எல்லா வண்டிக்கும் நாம் சொல்லும் பெல்ற் உண்டென்பதில்லை. 2009 இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறைப் பிரியஸ் போன்ற சில ஹைபிரிட் வண்டிகளில் பம்பும் ஏசியும் மின்சாரத்தால் ஓடுகின்றன. ஆகவே தம் வண்டியின் கைந்நூலை முதலிற் படித்தறிக.

கயிறு கற்பிக்கும் பாடம்

ஒரு றப்பர்ப் பட்டி இவ்வளவு பாரத்தை எப்படி இழுக்கிறது? இதற்கு விடையைக் குருநகர்க் கடற்கரையிற் காணலாம். காற்றுக்கு அசையும் பெரிய வள்ளத்தை ஒரு சிறுவன் கட்டையிலே கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு கையாற் பிடித்து நிற்கிறான். அவன் கைவலிமை அன்று. கட்டையிற் சுற்றிய கயிற்றின் உராய்வே வள்ளத்தைப் பிடித்திருக்கிறது. 1707 முதல் 1783 வரை வாழ்ந்த ஒயிலர் என்னும் கணித மேதை இவ்வுராய்வைக் கணக்கிட்டறிந்தார். உராய்வெண் 0.3 எனக் கொண்டால், ஒரு சுற்றிலே கையின் பிடி ஆறரை மடங்காகும். இரண்டு சுற்றிலே 43 மடங்காகும்.

ஆனால் வண்டியின் பெல்ற் கப்பியை இரண்டு தரம் சுற்றுவதில்லை. ஏறக்குறைய அரைச் சுற்றே தழுவுகிறது. தட்டையான வாராயின் அந்த அரைச் சுற்றிற் கிடைப்பது இரண்டரை மடங்குதான். முற்காலத் தொழிற்சாலைகளில் அகலமான தோல் வார்களை இழுத்துப் பூட்டியதன் காரணம் இதுவே. 1917 இல் அமெரிக்காவில் ஜோன் கேற்ஸ் என்பவர் றப்பரும் நூலுங் கொண்டு ஆங்கில வீ எழுத்தின் வடிவான பெல்ற்றை அமைத்தார். வீ வடிவான பெல்ற், வீ வடிவான பள்ளத்தில் ஆப்புப் போல இறங்கி இரு பக்கச் சுவரையும் இறுக்கிப் பிடிக்கும். பக்கங்களுக்கிடைக் கோணம் 40 பாகையாயின் பிடிப்பு ஏறக்குறைய மூன்று பங்காகப் பெருகுகிறது. அதே அரைச் சுற்றில் இரண்டரை மடங்கு என்றது பதினைந்து மடங்குக்கு மேலாகிறது. கல்லூரியிலே இச்சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிப் புள்ளியும் பெற்றோம். அது எமது வானின் பொனற்றுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்ததை அறிந்திலோம்.

இக்கணக்கிலிருந்தே பேணும் முறை பிறக்கிறது. வீ பெல்ற் பள்ளத்தின் பக்கங்களைத்தான் பிடிக்கவேண்டும், அடியைத் தொடலாகாது. தேய்ந்து மெலிந்து அடியிலே குந்திவிட்டால் ஆப்பின் வலிமை போய்விடும். பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் அதுவே அடையாளம். எண்ணெய் பட்டால் உராய்வு குறையும். றப்பரும் ஊறி மென்மையாகும். தளர்ந்தால் வழுக்கும், வழுக்கினாற் சூடேறும், சூடேறினால் றப்பர் இறுகி மினுங்கி இன்னும் வழுக்கும்.

இக்கால வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பது பல்வரிப் பெல்ற். அகலமான மெல்லிய பட்டியின் உட்புறத்தில் ஐந்தாறு சிறு வரிகள் நெடுக ஓடும். ஒவ்வொரு வரியும் ஒரு சிறு வீ. பெல்ற்றின் முதுகிலே எழுதியிருக்கும் இலக்கமும் மறைபொருள் அன்று. "6 பீகே 1200" என்றிருந்தால், ஆறு வரி, பீகே என்னும் வகை, நீளம் 1200 மில்லிமீற்றர் என்பது பொருள். கடைக்குப் போகுமுன் இதனை எழுதிக்கொண்டு போனால், "ஏறக்குறைய இதுதான்" என்று வேறொன்றை வாங்கிவர நேராது.

காதும் கண்ணும் பெருவிரலும்

பெல்ற்றைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை.

முதலாவது காது. காலையில் ஸ்ராட் செய்யும்போதும், முன்விளக்கும் ஏசியும் போடும்போதும் நீளமாகக் "கிரீச்" என்றால் பெல்ற் வழுக்குகிறது. குருவி கத்துவதுபோல விட்டுவிட்டுக் கேட்டால் கப்பிகள் ஒரே நேரில் இல்லை என்று ஐயுறலாம். பல்வரிப் பெல்ற்றின் வரிப்பக்கத்தில் எட்ட நின்று சிறிது தண்ணீர் விசிறிப் பார்ப்பதும் ஒரு சோதனை. சத்தம் அடங்கினால் கப்பி நேரில்லை. கூடினால் இறுக்கம் போதவில்லை. விசிறும்போது கையும் உடையும் கப்பிக்குக் கிட்டப் போகலாகாது.

இரண்டாவது கண். இது எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, சாவியை எடுத்தபின் செய்யவேண்டியது. சில வண்டிகளில் றேடியேற்றரின் மின்விசிறி எஞ்சின் நின்றபின்னும் தானே சுழலும் என்பதை மறக்கவேண்டாம். பெல்ற்றைத் திருப்பி வளைத்துப் பார்க்க வெடிப்புத் தெரியும். ஓரம் நைந்து நூல் தொங்குகிறதா, துண்டு கழன்றிருக்கிறதா, கண்ணாடிபோல் மினுங்குகிறதா என்று பார்க்க. ஒரு செய்தியைப் பழைய சாரதிமார் குறித்துக்கொள்வது நலம். முந்திய றப்பர் வெடித்துத் தன் முதுமையைத் தானே காட்டும். இக்காலத்துப் பல்வரிப் பெல்ற்றுகள் பலவும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை றப்பராலானவை. அவை எளிதில் வெடிப்பதில்லை. வரிகளின் பக்கம் மெல்லத் தேய்ந்து, பள்ளம் அகன்று, வெளியே நல்லதுபோல் தோன்றும். ஆதலால் "வெடிக்கவில்லையே" என்று இருந்துவிடாமல், ஓடிய தூரத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

மூன்றாவது பெருவிரல். வீ பெல்ற்றாயின் இரு கப்பிகளுக்கிடையே மிக நீண்ட பகுதியின் நடுவிற் பெருவிரலால் அழுத்துக. பல வண்டிகளில் அரை அங்குலம் அளவுக்கு அமிழ்ந்தால் இறுக்கம் சரி. திட்டமான அளவு கைந்நூலில் இருக்கும். மிக இறுக்கினால் நன்று என எண்ணுதல் தவறு. இறுக்கம் மிஞ்சினால் பம்பினதும் ஓல்ரனேற்றரினதும் பெயாறிங் கெட்டுப்போகும்.

கடலோரத்தில் வாழும் நமக்கு இன்னுமொரு சோதனை உண்டு. உப்புக்காற்றிலே பல நாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் கப்பிப் பள்ளத்தில் துரு ஏறும். துருப்பிடித்த பள்ளம் அரத்தாளைப்போல் புதுப் பெல்ற்றையும் அராவிவிடும். மாற்றும்போது பள்ளத்தைத் துடைத்துப் பாராமற் போடுவது பணத்தைக் கடலிற் போடுவதை ஒக்கும்.

சத்தம் கேட்டவுடன் சிலர் சவர்க்காரம் தேய்ப்பர்; சிலர் எண்ணெய் தடவுவர். சத்தம் அன்றைக்கு அடங்கலாம், நோய் அடங்காது. காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைத்ததுபோலாகும்.

மாற்றும் முறை

மாற்றும் முறையைச் சுருங்கச் சொல்லுகிறோம். மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றுக. சால்வையும் தொங்கும் சாரமும் வேண்டாம். பற்றறியின் மறைமுனை வயரைக் கழற்றி வைப்பது காவல். பெல்ற்றைக் கழற்றுமுன் அஃது எந்தக் கப்பிக்கு மேலாகவும் எந்தக் கப்பிக்குக் கீழாகவும் செல்கிறதென்று ஒரு தாளிற் படம் வரைந்துகொள்க. இக்காலத்துத் தம்பிமார் கைத்தொலைபேசியிற் படம் எடுக்கலாம். இதனைச் செய்யாமற் கழற்றியவர் பாதி நாளை வீணாக்கியதை நாம் கண்ணாரக் கண்டோம். அவர் வேறு யாருமல்லர், நாமே.

வீ பெல்ற்றாயின், ஓல்ரனேற்றர் அல்லது டைனமோ தாங்கியிருக்கும் போல்ற்றுகளையும், இறுக்கம் திருத்தும் நீள்துளைத் தட்டின் போல்ற்றையும் தளர்த்துக. அதனை எஞ்சின் பக்கம் தள்ள பெல்ற் தளரும். பழைய வண்டிகளில் விசிறியின் இதழ்களை ஒவ்வொன்றாகக் கடத்திப் பெல்ற்றை எடுக்கவேண்டும். புதியதைப் பள்ளங்களில் இருத்தியபின், மரத்துண்டொன்றால் நெம்பி இறுக்கம் பார்த்துப் போல்ற்றுகளைப் பூட்டுக. ஸ்குறூ டிறைவரால் பெல்ற்றை நெம்பி ஏற்றுவது உள்ளிருக்கும் நூலை அறுக்கும், அப்பெல்ற் நீடியாது.

பல்வரிப் பெல்ற்றாயின், பெரும்பாலும் வில்லாலே தானாக இறுக்கும் ரென்சனர் இருக்கும். அதனை ஸ்பனராற் திருப்பிப் பிடித்துக்கொண்டு பெல்ற்றைக் கழற்றவேண்டும். பெல்ற் கழன்ற நேரம் ஓர் அரிய வாய்ப்பு. ஒவ்வொரு கப்பியையும் கையாற் சுழற்றிப் பார்க்க. கரகரத்தாலோ ஆடினாலோ அந்தப் பெயாறிங் முடிந்துவிட்டது. பம்பிலே தண்ணீர்க் கசிவு உண்டா, எண்ணெய் ஒழுக்கு உண்டா என்றும் பார்க்க. அவற்றைத் திருத்தாமற் புதுப் பெல்ற் போடுவது ஒழுகும் கூரையின் கீழே புதுப்பாய் விரித்தல் போலாம். பின்பு படத்தின்படி புதியதைப் போட்டு, வரியுள்ள கப்பிகளிலெல்லாம் ஒவ்வொரு வரியும் தன் பள்ளத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவி அறிக. ஒரு வரி தள்ளி இருந்தாலும் சில மைலில் ஓரம் கிழியும்.

முடிவில் பற்றறி வயரைப் பூட்டி, உள்ளே ஸ்பனரோ துணியோ விட்டிருக்கிறோமா என்று பார்த்து, எஞ்சினை ஓடவிட்டுத் தூர நின்று கவனிக்க. புது வீ பெல்ற் சிறிது இழுபடும்; ஆதலால் சில நூறு மைல் ஓடியபின் மீண்டும் பெருவிரல் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

கைமாற்றாக ஒன்று

இவற்றை நாம் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. இங்கிருக்கும் பெரியோர் நம்மைவிட நன்கறிவர். 1990 இல் வடபகுதிக்கு எரிபொருளும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டபோது, யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் அவர்கள். சிறுதுளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை எந்தக் கல்லூரியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

எமது அப்பப்பாவிடம் ஒரு ஏ 40 சோமசெற் இருந்தது. 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட வகை அது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தவர் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, அப்பப்பாவும் இரண்டு கிழவிகளையும் ஒரு கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தார். சனத்திரளினுள் ஆமைபோல் நகர்கையில் பெல்ற் அறுந்தது. அவர் உடனே எஞ்சினை அணைத்தார். ஆசனத்தின் கீழே முகப்பவுடர் தூவித் துணியிற் சுற்றி வைத்திருந்த வேறொரு பெல்ற்றை எடுத்து, சைக்கிளிற் போன ஒருவர் பிடித்த ரோச் வெளிச்சத்தில், கால் மணி நேரத்துள் மாட்டிவிட்டார். அக்கைக்குழந்தை இன்று வளர்ந்து தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிச் செல்கிறாள்.

அவரிடம் கராஜ் இல்லை, தொலைபேசி இல்லை, எண்ணெய் இல்லை. எம்மிடம் எல்லாம் இருந்தன. எழுவர் கையிலும் தொலைபேசி இருந்தது. இல்லாததெல்லாம் ஒரு பெல்ற்றும் அதனைப் பற்றிய அறிவுமே.

பாதிரிமார் நிறுவிய கல்லூரியிற் படித்த எமக்கு, அங்கே கேட்ட பத்துக் கன்னியர் உவமை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ஐவர் விளக்கோடு வேறாக எண்ணெயும் கொண்டுபோயினர். ஐவர் விளக்கு மட்டும் கொண்டுபோயினர். நடுநிசியில் வேறுபாடு தெரிந்தது. எச்சமயத்தவரும் கொள்ளத்தக்க பாடம் அது. தூரப் பயணம் போகும் வண்டியில் சரியான இலக்கமுள்ள பெல்ற் ஒன்றும், அதற்குப் பொருந்தும் ஸ்பனரும், ஒரு ரோச்சும் இருக்கட்டும். பெல்ற்றை ஆணியிற் தூக்கி மடிப்பு விழவைக்காமல், வெயிலும் எண்ணெயும் படாமல், தளர்வாகச் சுருட்டி வைக்க.

இக்காலத்தில் இவ்வறிவு முன்னையினும் வேண்டியது. நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அவ்வாண்டுகளில் நம்மை ஏற்றித் திரிந்தவை பழைய வண்டிகளே. இன்றும் புது வண்டியின் விலை நம்மிற் பலருக்கு எட்டாதது. உள்ளதைப் பேணத் தெரிந்தவனே இல்லாத காலத்திலும் நிமிர்ந்து நிற்பான்.

அண்மையில் ஒரு மாலை குருநகர்த் துறையிலே வயதான கடற்றொழிலாளர் ஒருவர், தம் நங்கூரக் கயிற்றை முழம் முழமாக முறுக்கவிழ்த்து உட்புரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கயிறு நல்லதாகவே தெரிந்தது. "ஐயா, நல்ல கயிறுதானே, ஏன் பாக்கிறியள்?" என்றோம். "கடலிலை அறுந்தால் அங்கை கடை இல்லைத் தம்பி" என்றார். வள்ளத்து எஞ்சினின் பெல்ற்றையும் அவ்வாறே திருப்பிப் பார்ப்பாராம். பலகைக்கடியில் இரண்டு புதியன வைத்திருந்தார். நாம் ஒரு மணி நேரம் பேச முயன்றதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மன்றத்து இளைஞர்களே, முடிவாக ஒரு வேண்டுகோள். வரும் ஆயுத பூசையன்று சந்தனம் குழைக்குமுன், அண்ணன்மாரும் தம்பிமாரும் மட்டுமன்றி அக்காமாரும் தங்கைமாரும் கூடி, மன்ற உறுப்பினர் வீட்டு வண்டிகளின் பொனற்றைத் திறந்து பார்ப்போம். பெல்ற்றின் இலக்கத்தையும் மாற்றிய திகதியையும் ஒரு துண்டில் எழுதி உள்ளே ஒட்டுவோம். தெரியாதவற்றைப் பெரியோரிடம் கேட்போம். அவர்கள் கையிலுள்ள வித்தை அவர்களோடு போகவிடலாகாது. கையில் எண்ணெய்க்கறை படுவது படித்தவனுக்கு இழிவன்று. தெருவோரத்தில் ஒரு தாய் மருத்துவக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு விடியுமட்டும் காத்திருக்க, கை கழுவிய படிப்போடு பக்கத்தில் நிற்பதே இழிவு. அதனை நாம் ஒருமுறை அனுபவித்தோம். உங்களில் எவரும் அனுபவிக்க வேண்டாம்.

அந்தக் காட்டுவழியில் வண்டியை நிறுத்தி எமக்கு முதற்பாடம் சொல்லிய, பெயர் கேட்க மறந்துபோன அந்த லொறிச் சாரதிக்கு எமது நன்றி.